பின்னால் வருகிறவர்

காசில்டா சந்தியாகோ நகரத்துக்கு வந்து சேர்ந்தது திங்கட்கிழமை மதியம். மழை தூறிக்கொண்டிருந்தது. பேராலயத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்தில், யாத்திரையாக நடந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். சிலர் முதுகுப்பையைத் தலைக்கு வைத்து ஈரக் கல்தரையில் மல்லாந்து கிடந்தார்கள். அவளும் நின்று கோபுரங்களை அண்ணாந்து பார்த்தாள். புர்கோஸில் தன் வீட்டுப் படியை விட்டு இறங்கி இருபத்துநாலு நாள், ஐந்நூறு கிலோமீட்டர். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். அழுகை வரலாம், சந்தோஷம் வரலாம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பெருமூச்சாவது வரலாம். கொட்டாவிதான் வந்தது.

இடுப்புப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் யாத்திரைப் புத்தகம் இருந்தது. அட்டைக்குள் எழுதியிருந்தது அவள் பெயர் இல்லை. அவள் புருஷன் மெல்ச்சோரின் பெயர். அவர் செத்துப் பதினாலு மாதம் ஆகிறது.

மெல்ச்சோர் புர்கோஸில் டவுன் பஸ் ஓட்டியவர். செப்டம்பரில் கிடைக்கும் ஒரு வாரம் லீவில் இந்தப் பாதையைத் துண்டு துண்டாக நடப்பார். நிறுத்திய ஊரில் அடுத்த வருஷம் போய் இறங்கித் தொடர்வார். மூன்று வருஷத்தில் போன்ஃபெராடாவரை வந்திருந்தார். போகிற ஊரிலெல்லாம் புத்தகத்தில் ஒரு முத்திரை. பாக்கி இருந்தது கடைசித் துண்டுதான். அதற்கு மட்டும் நீயும் வாயேன் என்று அவளைக் கூப்பிட்டார். அவள் அடுப்பில் வாணலியைப் பார்த்துக்கொண்டே, "முந்நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டு நின்னு நின்னு என் காலு வீங்கிக் கிடக்கு. இதுல நடக்க வேற வரணுமா? நீங்க போயிட்டு வாங்க, நான் எங்கேயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்றாள். அவள் பள்ளிக்கூடச் சமையல்காரி. சொன்னதில் பொய்யும் இல்லை. இரண்டு வாரம் கழித்து பஸ் பணிமனை பெஞ்சில் காப்பிக் குவளையோடு உட்கார்ந்த மெல்ச்சோர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஓடிப் போனது அவர்தான்.

அடக்கத்தன்று அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. தைரியசாலி என்றார்கள் அக்கம்பக்கத்தில். கல்நெஞ்சுக்காரி என்றாள் நாத்தனார் நீவெஸ். காசில்டாவைக் கேட்டால் இரண்டும் இல்லை என்பாள். பல் பிடுங்குகிற டாக்டர் ஊசி போட்டதும் தாடை தன்னுடையதாக இல்லாமல் போகுமே, அப்படித்தான் உடம்பு முழுக்க இருந்தது. ஊசி எப்போது இறங்கும் என்றுதான் தெரியவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் அவருடைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போன்ஃபெராடாவரை அவர் வாங்கிய முத்திரைகள் இருந்ததால் அவள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஆனால் நடந்தாள். நடக்கும்போது தினம் அந்தந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அப்படிப் பார்த்ததில்தான் ஒரு திருட்டு அகப்பட்டது. கரியோன் என்ற ஊரின் முத்திரையும் சாகுன் என்ற ஊரின் முத்திரையும் ஒரே தேதியில் இருந்தன. நடுவில் இரண்டு நாள் நடை. பதினேழு கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, செத்துப் பிழைத்தேன் என்று கிறிஸ்துமஸ் விருந்தில் வருஷா வருஷம் அவர் அளந்த இடம் அது. பஸ் ஓட்டுகிற மனுஷன், லீவு போட்டுவிட்டு, வேறு யாரோ ஓட்டும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறார். காசில்டா அந்தப் பதினேழு கிலோமீட்டரையும் வெயிலில் நடந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன்ஃபெராடாவுக்குப் பிறகு முத்திரை வாங்க ஆரம்பித்தாள். தங்குவதற்கு அவளுடைய அடையாள அட்டை போதும், முத்திரைக்கு மட்டும் அவர் புத்தகத்தை நீட்டினாள். முதல் சத்திரத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பெயரைப் படித்துவிட்டு, "மெல்ச்சோர் எங்கேம்மா?" என்றாள். காசில்டா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "பின்னால வர்றார்" என்று வந்துவிட்டது. அந்தப் பெண் முத்திரையைக் குத்தி, அவருக்கென்று ஒரு கீழ்க்கட்டிலையும் ஒதுக்கி வைத்தாள். அன்றிலிருந்து ஒன்பது ஊர், ஒன்பது சத்திரம். எல்லா இடத்திலும் மெல்ச்சோர் பின்னால் வந்துகொண்டிருந்தார். சொல்வதற்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. யாரும் அனுதாபப்பட்டுக் கையைப் பிடிக்கவில்லை. சீக்கிரம் வரட்டும், சூப் ஆறிடும் என்றார்கள், அவ்வளவுதான்.

புத்தகத்தில் இப்போது ஒரே ஒரு கட்டம் பாக்கி. எல்லாவற்றிலும் பெரிய கட்டம், சந்தியாகோவுக்கானது. அந்த முத்திரை விழுந்தால், நடந்து முடித்ததற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள்.

யாத்திரை அலுவலகத்தில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்தவர் எவாரிஸ்டோ என்ற பெரியவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கே சம்பளமில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவர். புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"மெல்ச்சோர் நீங்க இல்லையே."

"என் வீட்டுக்காரர்."

"அவர் எங்கே?"

"பின்னால வர்றார்."

"சான்றிதழை ஆளைப் பார்த்துத்தாம்மா குடுப்போம். வந்ததும் அவரையே வரச் சொல்லுங்க. உங்க புத்தகம் எங்கே?"

"என்கிட்ட இல்லை."

"அப்ப நீங்க எதுல வந்தீங்க? பஸ்லயா?"

கேலி செய்யவேண்டும் என்று கேட்கவில்லை அவர். நிறையப் பேர் அப்படி வருகிறவர்கள்தான். காசில்டா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டு பெருவிரலிலும் நகம் இல்லை. "ஆமா, பஸ்லதான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் அறை எடுத்திருந்தது ஒப்துலியா என்ற கிழவியின் தங்கும் விடுதியில். நாலே அறை. ஒப்துலியாவுக்கு எழுபது வயது, வாய்க்கு மட்டும் இருபது. பதிவேட்டில் எழுதும்போதே, "ஒருத்திக்கு எதுக்கு மகளே ரெட்டைக் கட்டில் அறை?" என்று கேட்டாள். ஊரில் வேறெங்கும் அறை கிடைக்காததால்தான் காசில்டா அதை எடுத்திருந்தாள். அதைச் சொல்லியிருக்கலாம். "வீட்டுக்காரர் பின்னால வர்றார்" என்றாள். அவர் பெயரையும் எழுதவைத்தாள். ஊர் திரும்ப வியாழக்கிழமை ரயில் என்றும் சொன்னாள்.

செவ்வாய் காலை, நடந்த பழக்கத்தில் கால்கள் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டன. போவதற்கு ஊர் இல்லை. எட்டு மணிக்குக் கீழே இறங்கினாள். மேஜையில் இரண்டு குவளை, இரண்டு தட்டு, இரண்டிலும் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை, கனமான துண்டு.

"இன்னும் வரலையா உன் ஆளு?" என்றாள் ஒப்துலியா. "ஆமை மேல ஏறி வர்றாரா?"

"முட்டி வலி அவருக்கு."

"முட்டி வலியா, வழியில ஒயின் கடையா?"

"ரெண்டும்தான்."

ஒப்துலியா சிரித்தாள். காசில்டா தன் தட்டைக் காலி செய்தாள். பிறகு, சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்பது சமையல்காரியின் கையில் ஊறியது என்பதால், அவர் தட்டையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை. இரண்டு துண்டு உள்ளே போனது மட்டும் தெரிந்தது.

அன்று பேராலயத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். பீடத்துக்குப் பின்னால் படியேறி, சந்தியாகப்பர் என்ற புனிதரின் சிலையைப் பின்னாலிருந்து தோளோடு கட்டிக்கொள்வது வழக்கம். நாத்தனார் அதைச் செய்தே தீரவேண்டும் என்று சொல்லியிருந்தாள். முன்னால் நின்ற ஆள் புனிதரின் காதில் ஏதோ முணுமுணுத்து, தேம்பிக்கொண்டே இறங்கினார். காசில்டா கட்டிக்கொண்டாள். உலோகம் சில்லென்றிருந்தது. பதித்த கல் ஒன்று கன்னத்தில் குத்தியது. "நல்லா இருங்க" என்றாள். ஒரு புனிதரிடம் போய் அதைச் சொல்வார்களா என்று படி இறங்கிய பிறகுதான் நினைத்தாள். வெளியே வந்ததும் போன் அடித்தது. நீவெஸ்.

"சான்றிதழ் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லை."

"நேத்தே போய்ச் சேர்ந்தவ இன்னும் என்ன பண்றே? நான் சட்டம் வாங்கி, கூடத்துல ஆணியும் அடிச்சாச்சு. என் தம்பி பேரு கொட்டை எழுத்துல இருக்கணும், சொல்லிட்டேன். மூணு வருஷம் ஒத்தையில நடந்தவன். கூட வர ஒரு நாதி இல்லாம நடந்தவன்."

"தெரியும் நீவெஸ்."

"தெரிஞ்சு என்ன பண்ண? ஒரே ஒரு தடவை கூடப் போயிருந்தா..."

இந்தப் பதினாலு மாதமும் போலவே இப்போதும் நீவெஸ் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால்கூடத் தேவலை. போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்ன? ஜூனில் செத்தவர் செப்டம்பரில் எங்கே போவது? இதையெல்லாம் நீவெஸிடம் சொல்லலாம்தான். காசில்டா போனைக் காதில் வைத்தபடியே ஒரு கடை ஜன்னலில் பாதாம் கேக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம்வரை ஊரைச் சுற்றினாள். மழை விட்டது, பெய்தது, விட்டது. முகம் தெரிந்த சக யாத்திரிகர்கள் எதிர்ப்பட்டு, "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டார்கள். நாளைக்கு என்றாள். ஒருவரிடம் நாளை மறுநாள் என்றாள்.

புதன் காலையும் இரண்டு குவளை, இரண்டு தட்டு. ஆனால் ஒப்துலியா இன்று கேலி பேசவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மகளே, எனக்கு இது சரியாப் படலை. பத்து நாள் முன்னாடி இப்படித்தான் ஒரு மனுஷன் காட்டுப் பாதையில கணுக்கால் உடைஞ்சு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கார். போன் பண்ணினியா அவருக்கு?"

"எடுக்க மாட்டேங்கிறார்."

இது உண்மைதான்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளாவா! இப்படிக் கல்லு மாதிரி உக்காந்து சொல்றே! உனக்கும் அவருக்கும் சண்டையோ சச்சரவோ, அது எனக்குத் தேவையில்லை. நான் காவல் நிலையத்துக்குச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சவர்தான் அங்கே போன்ல உக்காந்திருக்கார்." ஒப்துலியா காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். ஒரு பழைய ரசீதைத் திருப்பிப் போட்டாள். "பேரு மெல்ச்சோர். வயசு?"

"அம்பத்தெட்டு."

"உயரம்?"

"என்னைவிட ஒரு சாண்."

"என்ன உடுப்பு போட்டிருந்தார்? கடைசியா நீ பார்க்கிறப்போ?"

"சாம்பல் கலர் கோட்டு" என்றாள் காசில்டா. "நீல டை. நீவெஸ் மகன் கல்யாணத்துக்குத் தைச்சது. கறுப்பு ஷூ, நான்தான் பாலிஷ் போட்டேன்."

ஒப்துலியா எழுதிக்கொண்டே வந்த பென்சிலை நிறுத்தினாள். "கோட்டு, டை போட்டுக்கிட்டா நடக்கிறார்?"

காசில்டா தன் வாயிலிருந்து வந்ததை யாரோ சொன்னது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த டையை அவள்தான் கட்டிவிட்டாள். முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சரிசெய்வதற்குள் பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். அது நினைவுக்கு வந்ததே இப்போதுதான்.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று எழுந்தாள். தட்டைத் தொடவில்லை.

அலுவலகத்தில் மறுபடி டோக்கன், மறுபடி காத்திருப்பு. வேறு கவுண்டர் காலியானது. அவள் போகவில்லை, எவாரிஸ்டோவின் கவுண்டருக்கே நின்றாள். அவருக்கு அவளை நினைவிருந்தது.

"வந்துட்டாரா?"

"இல்லைங்க. அவர் வர மாட்டார். செத்துட்டார். போன வருஷம் ஜூன்ல."

பதினாலு மாதத்தில் இதை அவள் தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. புர்கோஸில் எல்லோருக்கும் தெரியும், பாதையில் யாருக்கும் தெரியாது.

எவாரிஸ்டோ கண்ணாடியைக் கழற்றினார். "இதை முந்தாநாளே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? செத்தவங்களுக்காக நடந்து வர்றவங்க உண்டு. நடந்தவங்க பேர்ல சான்றிதழ் எழுதி, இன்னாருக்காகன்னு கீழே அவங்க பேரையும் போட்டுக் குடுப்போம். ஆனா உங்க பேர்ல ஒரு புத்தகம் வேணும். உங்க முத்திரை வேணும்." பக்கங்களைப் புரட்டினார். "இதுல நீங்க நடந்ததுக்குச் சாட்சியே இல்லையே."

"இல்லைங்க."

"சாரியாவுக்கு பஸ் இருக்கு. உங்க பேர்ல ஒரு புத்தகம் போட்டுத் தர்றேன். அங்கேருந்து கடைசி நூறு கிலோமீட்டர் மறுபடி நடந்துட்டு வந்தீங்கன்னா..."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. பாத்திரமெல்லாம் கழுவணும்." அவள் அந்தப் பெரிய கட்டத்தில் விரலை வைத்தாள். "இதை மட்டும் போட முடியுமா? சான்றிதழ் வேண்டாம்."

"முத்திரைக்குத் தடையில்லை. யார் கேட்டாலும் போடுவேன்."

"போடுங்க."

அவர் முத்திரையை மையில் ஒற்றினார். காசில்டாவுக்கு ஒரு கணம் அவர் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றியது. இது விழுந்துவிட்டால் நாளைக்கு யாரிடமும் பின்னால் வருகிறார் என்று சொல்ல முடியாது. அவர் குத்திவிட்டார். அடியில் தேதியை எழுதி, மை காயட்டும் என்று ஊதினார். "வந்து சேர்ந்துட்டார்மா" என்று சொல்லிப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

சதுக்கத்தில் ஒரு தூணோரம் நின்று நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"சான்றிதழ் கிடையாது நீவெஸ். நடந்தவங்களுக்குத்தானாம். புத்தகத்துல முத்திரை மட்டும் வாங்கியிருக்கேன்."

"அவன் நடக்கலையா? என் தம்பி போன்ஃபெராடாவரைக்கும் ஒவ்வொரு அடியும்..."

"ஒவ்வொரு அடியும் இல்லை. கரியோன்லருந்து சாகுன் வரைக்கும் பஸ்ல போயிருக்கார். ரெண்டு முத்திரையும் ஒரே தேதி. அந்த மரமே இல்லாத இடத்தை நான்தான் நடந்தேன்."

போன் துண்டாகிவிட்டதோ என்று பார்த்தாள்.

"அயோக்கியப் பயல்" என்றாள் நீவெஸ் கடைசியில். குரல் ஒரு மாதிரி இருந்தது. "சின்ன வயசுலயே அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கே பால் வண்டியில தொத்திக்கிட்டுத்தான் போவான். நான் மட்டும் நடந்து போவேன்." மூக்கை உறிஞ்சினாள். "கால் எப்படிடி இருக்கு உனக்கு?"

"நகம் ரெண்டு போயிடுச்சு."

"உப்புத் தண்ணியில வை. அந்தப் புத்தகத்தைக் கொண்டா. ஆணி சும்மாதானே இருக்கு, அதுல மாட்டறேன்."

விடுதிக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஒப்துலியா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே மேஜையில் கீரை சூப், ரொட்டி, இரண்டு கிண்ணம்.

"என்ன ஆச்சு? வந்துட்டாரா?"

"உக்காருங்கம்மா" என்றாள் காசில்டா. தானும் உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்துக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தாள். "அவர் செத்துப் பதினாலு மாசம் ஆச்சு. உங்ககிட்ட மட்டும் இல்லை, வழியெல்லாம் இதே பொய்தான் சொன்னேன்."

ஒப்துலியா அவளையே பார்த்தாள். பிறகு முகம் சிவந்தது.

"ரெண்டு நாளா ரெண்டு பேருக்கு அடை போட்டேனேடி! நேத்து ராத்திரி தூங்காம கிடந்தேன், எந்தப் பள்ளத்துல கிடக்கிறாரோன்னு! மெழுகுவத்தி வேற ஏத்தினேன். கோட்டு, டைன்னு காவல் நிலையத்துல சொன்னதும் அந்த ஆளு ரெண்டு தடவை கேட்டார், பாட்டி சரியாத்தான் சொல்றீங்களான்னு. என்னை எந்த லட்சணத்துல நினைச்சிருப்பார்!"

"மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பாம்!" ஒப்துலியா எழுந்து அலமாரிக்குப் போனாள், திரும்பி வந்தாள், எதற்குப் போனோம் என்று மறந்ததுபோல நின்றாள். புத்தகத்தை விரலால் திருப்பினாள். முதல் பக்கத்தில் புர்கோஸ், கடைசிக் கட்டத்தில் இன்றைய தேதி, மை இன்னும் பளபளப்பாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரோரம் இருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"நான்தான் ஒப்துலியா. ஆமாம்ப்பா, அந்தக் கோட்டு போட்டவர் விஷயம்தான். மெல்ச்சோர், புர்கோஸ்காரர். தேட வேண்டாம்." அவள் காசில்டாவைத் திரும்பிப் பார்த்தாள். "வந்து சேர்ந்துட்டார். ஆமா, பத்திரமா. பொண்டாட்டி கூடத்தான் இருக்கார். அடிச்சிடுப்பா பேரை."

பேனா ஓடுகிற சத்தம் போனில் கேட்டிருக்க முடியாது. ஆனால் காசில்டாவுக்குக் கேட்டது. எங்கோ ஒரு தாளில் மெல்ச்சோர் என்ற பெயரின் மேல் ஒரு கோடு இழுக்கப்பட்டது. முதலில் தாடை வலித்தது. பிறகு தொண்டை. பிறகு இரண்டு கால்களும், நகம் போன விரல்களும், இருபத்துநாலு நாளும் சேர்ந்து ஒரேயடியாக வலிக்க ஆரம்பித்தன. அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். "டை கோணலா இருந்துச்சு" என்றாள். "நேரா இழுத்து விட்டிருக்கலாம், விடலை நான்."

ஒப்துலியா போனை வைத்துவிட்டு வந்தாள். காசில்டாவின் முடி சூப்பில் விழாதபடி கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மெல்ச்சோருக்கு வைத்த கிண்ணத்தைத் தன் பக்கம் திருப்பி, ரொட்டியைப் பிட்டு அதில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.